புது கார் விலை இறங்கிடுச்சு... பழைய கார் விலை மட்டும் ஏன் அடம்பிடிக்குது?

2025 செப்டம்பர் 22-ம் தேதி சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. கூடவே இருந்த செஸ்ஸும் போனது. மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் ஆரம்ப எக்ஸ்-ஷோரூம் விலை அப்போது 3.50 லட்சத்துக்கும், ஆல்ட்டோ கே10 விலை 3.70 லட்சத்துக்கும் வந்தன. நியாயமாகப் பார்த்தால், பழைய கார் விலையும் அதே வேகத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால், விற்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்... "சார், நான் வாங்கினப்பவே அஞ்சரை லட்சம்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் அன்றைக்கு என்ன கொடுத்தார் என்பது உங்களுக்கு எதற்கு? அதே மாடல் இன்றைக்குப் புதிதாக என்ன விலை என்பதிலிருந்துதான் பேரம் தொடங்க வேண்டும். இரண்டரை, மூன்று லட்சத்தோடு கார் தேடுபவர்களுக்கு இப்போது கையில் இருக்கும் ஒரே நல்ல சீட்டு இதுதான்.

இதற்கு டீலர்கள் வைத்திருக்கும் பதில், "யூஸ்டு காருக்கு வரி ஏத்திட்டாங்களே!" உண்மைதான். டீலர்கள் விற்கும் சின்ன பழைய கார்களுக்கு 12 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி, 2025 ஜனவரியில் 18 ஆனது. ஆனால், அந்த வரி காரின் முழு விலைக்கு இல்லை. டீலரின் லாபத்துக்கு மட்டும்தான். 2.50 லட்சத்துக்கு வாங்கி 2.80 லட்சத்துக்கு விற்றால், 30,000 ரூபாய்க்குத்தான் வரி. அதாவது 5,400 ரூபாய். பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் கூடுதல் வெறும் 1,800 ரூபாய். வரியைக் காட்டி இருபதாயிரம் ஏற்றினால், இந்தக் கணக்கை அவர் முன்னாடியே போட்டுக் காட்டுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை ஒருவர் நேரடியாக உங்களுக்கு விற்றால், இந்த வரியே கிடையாது.

லோன் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புது காரைவிட பழைய காருக்கு வட்டி அதிகம். 3 லட்சம் ரூபாயை 5 வருடத்துக்கு 9 சதவிகிதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 6,230. 14 சதவிகிதம் என்றால் 6,980. மொத்தத்தில் 45,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். நாலு வருடப் பழைய காருக்கும் புது ஆல்ட்டோவுக்கும் வித்தியாசம் லட்சத்துக்குள் என்றால், வட்டியையும் சேர்த்து ஒருமுறை பாருங்கள். சில நேரம் புதுசே லாபம்.

சந்தையில் சில கார்கள் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும். ஃபோர்டு ஃபிகோ, ஒரகடத்தில் தயாரான டட்சன், அப்புறம் செவர்லே பீட். இந்தியாவில் விற்பனையை செவர்லே 2017-ல் நிறுத்தியது. உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்தது. 2022-ல் டட்சன் போனது. கார் கெட்டது என்பதால் விலை குறையவில்லை. 'நாளைக்கு யார் வாங்குவா?' என்ற பயத்தில் குறைந்தது. பத்து வருடம் ஓட்டியே தீர்ப்பேன், ஊரில் அந்த காரைத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்பவர்களுக்கு ஃபிகோ மோசமில்லை என்பது என் கருத்து. பீட் விஷயத்தில் எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. டெல்லியிலிருந்து வரும் மலிவு டீசல் கார்களிடம் இன்னும் ஜாக்கிரதை தேவை. பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு அங்கே கெடுபிடி என்பதால்தான் தள்ளிவிடுகிறார்கள். இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி, மறுபதிவு, தமிழ்நாட்டு சாலை வரி என்று வரிசையாகச் செலவு நிற்கும்.

சென்னை கார் என்றால் முதல் கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இது எங்கே நின்றது? வெள்ளத்தில் நின்ற காரை பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிவிடலாம். ஆனால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், ஏ.சி போட்டதும் வரும் புழுங்கல் வாடை... இதில் இரண்டு தெரிந்தாலே கிளம்பிவிடலாம்.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 2019 கார், 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள். ஆனால் நாலு டயரும் 2022-ல் தயாரானவை என்றால், ஏன் அவ்வளவு சீக்கிரம் மாற்றினார்கள் என்று கேளுங்கள். காரைப் பார்க்கப் போகும்போது, "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்றேன்" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். கூட வரும் மெக்கானிக்குக் கொடுக்கிற ஆயிரம், ரெண்டாயிரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, பேப்பரில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, எந்த வங்கியின் பெயரில் கடன் என்பவை தெரிந்துவிடும். கடன் இருந்தால், வங்கியின் என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. "கையெழுத்துப் போட்டுட்டேன், நீங்க மெதுவா மாத்திக்கோங்க" என்று சொல்லும் ஓனருக்குத்தான் இதில் பெரிய ஆபத்து. ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. கார் நாலு கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

வாங்குபவருக்கும் சிக்கல் உண்டு. இன்ஷூரன்ஸை 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் விட்டு, கார் மோதினால் உங்கள் வண்டிக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தைக் கட்டவும், முதல் சர்வீஸில் ஆயில், பேட்டரி, பிரேக் பேடு மாற்றவும் ஒரு 25,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் பட்ஜெட் என்று டீலரிடம் சொல்லுங்கள்.