பெற்றோரை அழைக்கும் உரிமை

கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கிச் செல்லும் புகையிரதத்தைக் காண்போர் இன்று இயற்கையெழிலை வியப்பர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், மலையக மக்களைத் தலைமன்னார்த் துறைக்குக் கொண்டுசென்றதும் இப்பாதையே என்பதை எத்தனை பேர் நினைவுகூர்கின்றனர்?

அவ்வொப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைகள் எண்ணப்பட்டன, உறவுகள் எண்ணப்படவில்லை. பெற்றோர் நீலகிரியிலும் வயதுவந்த பிள்ளைகள் கண்டிச் சீமையிலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன.

இது தற்செயலன்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று வினவியது. 1949இன் சட்டமோ விண்ணப்பதாரியின் மனைவியையும் பராயமடையாத பிள்ளைகளையும் குடும்பமெனக் கொண்டது. உரிமையை மறுப்பதற்குத் தந்தை வேண்டியிருந்தார். உரிமையை வழங்கும்போது அவர் வேண்டாதவரானார்!

“2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு யாவும் தீர்ந்துவிட்டதே” என்பாருளர். அச்சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரியது. கப்பலேற்றப்பட்ட முதியவருக்கு அது என்ன தந்தது?

“முதியோர் அரசுக்குச் சுமையாவர்” என்பது அடுத்த வாதம். கனடாவின் சட்டத்தில் பிள்ளை தன் பெற்றோரை நிரந்தர வதிவுக்கு அழைக்க ஏற்பாடு உண்டு. கியூபெக் நீங்கலாக, 20 ஆண்டுகள் அவர்களைப் பராமரிப்பதாக உறுதியளித்தல் வேண்டும். அமெரிக்காவில் 21 வயது நிரம்பிய பிரசைக்கு இவ்வுரிமை உண்டு. பொறுப்பைப் பிள்ளை ஏற்கும்போது சுமை என்ற பேச்சுக்கு இடமேது? எனினும் அந்நாடுகள் விதிக்கும் வருமான எல்லையை நாம் பின்பற்றலாகாது. கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு அவ்வெல்லை மற்றொரு கடலாகிவிடும்.

நமது கோரிக்கை எளியது. ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்ட பெற்றோரை, இலங்கைப் பிரசையான பிள்ளை அழைத்தால், அவர்கள் நிரந்தரமாக இங்கு வதியும் உரிமை சட்டத்தில் ஐயந்திரிபற எழுதப்படல் வேண்டும். அது சலுகையன்று, அரசு பிரித்ததை அரசே சேர்த்துவைக்கும் கடன். அன்று பயணப்பட்டோர் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். காலந்தாழ்த்தி வழங்கப்படும் நீதியைப் பெற்றுக்கொள்ள அவர்கள் இருக்கமாட்டார்கள்.