அழைத்தபின் அடைக்கும் கதவு

2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் இந்தியாவுக்கு விஜயம் செய்யச் சில வாரங்களே இருந்த சமயத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முன்னாள் இயக்குநரும் ரசாயன சாஸ்திரத்தில் உலகப் புகழ் பெற்றவருமான கோவர்தன் மேத்தா, ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்குச் செல்லும் பொருட்டு, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்காகப் போய் நின்றார். அவருடைய ஆராய்ச்சி ரசாயன ஆயுதங்களுக்குப் பயன்படக்கூடும் என்றும், அதைப் பற்றிய விவரங்களை அவர் மறைக்கிறார் என்றும் சந்தேகம் கிளப்பப்பட்டு, விசா மறுக்கப்பட்டது. அன்றைக்கு அவர் சர்வதேச விஞ்ஞானக் கவுன்சிலின் தலைவர். விஞ்ஞானிகள் தேச, இன, மத பேதமின்றி எங்கும் சென்று கூடிப் பேசும் சுதந்திரம் உடையவர்களாக இருக்கவேண்டும் என்பதைத் தன் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கும் ஸ்தாபனம் அது. அதன் தலைவரிடத்திலேயே, அந்தத் துணைத் தூதரகம் இருக்கும் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், அந்தச் சுதந்திரம் செல்லாக்காசாயிற்று. பத்திரிகைகள் கண்டித்தன, தூதரகம் வருத்தம் தெரிவித்தது, விசாவும் பின்னர் வழங்கப்பட்டது. மேத்தா போகவில்லை. போகாமல் இருந்ததே அழகு என்பது நமது அபிப்பிராயம்.

அன்று இந்த நாட்டில் எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது. ஆயினும் அவ்வாறு கோபிக்க நமக்கு முழு யோக்கியதை இருந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தால், நாம் சற்றுத் தலைகுனிந்திருக்க வேண்டியிருக்கும். பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1995 ஜனவரியில், தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தோரணமும் ஊர்வலமுமாக நடந்துகொண்டிருந்தபோது, அதில் கலந்துகொள்ள வந்த இலங்கைத் தமிழறிஞர்கள் சிலர், பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்டோர், திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த மாநாடுகளை நடத்துகிற உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964இல் டெல்லியில் தோற்றுவித்தவர்களில் முதல்வரான தனிநாயகம் அடிகளே ஈழத்தில் பிறந்தவர் என்பதையும், சிவத்தம்பியோ பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து பர்மிங்ஹாமில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதையும் எண்ணிப் பார்த்தால், நேர்ந்த அபசாரத்தின் அளவு விளங்கும். ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டு நான்காண்டுகளும் ஆகாத காலம் அது. சர்க்காருக்கு அச்சம் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அச்சம் எந்த நபரைப் பற்றியது, எந்தச் செயலைப் பற்றியது என்று அன்றும் சொல்லப்படவில்லை, பின்னரும் சொல்லப்படவில்லை. 2010இல் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாடு கூடியபோது அதே சிவத்தம்பி சகல மரியாதைகளுடன் வரவேற்கப்பட்டார். இடைப்பட்ட பதினைந்தாண்டுகளில் மாறியது அவருடைய புலமையுமன்று, நடத்தையுமன்று, ஆட்சியாளரின் மனோநிலைதான்.

ஒரு வித்துவானை நாட்டுக்குள் விடுவதும் விடாததும் ஆட்சியாளரின் மனோநிலையைப் பொறுத்திருக்கலாகாது என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம். பிறநாட்டுத் தூதரகங்களைப் பற்றி முறையிடுவதற்கு முன், டெல்லி தன் சொந்த வாயிலைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

நமது முறை எவ்வாறு அமைந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் நடக்கும் ஒரு சர்வதேச மாநாட்டுக்கு வருகிற வெளிநாட்டவர், சுற்றுலா விசாவில் வரக்கூடாது. மாநாட்டு விசா என்று தனியாக ஒன்று உண்டு. அதைப் பெறுவதற்கு, மாநாட்டை நடத்துவோரின் அழைப்புக் கடிதம் போதாது. வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் இசைவும், உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி இசைவும் வேண்டும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈராக் போன்ற நாட்டவர்க்கு விசாரணை இன்னும் கடுமை. நபரைப் பற்றி விசாரிப்பது எந்தச் சர்க்காருக்கும் உள்ள அதிகாரம். அதை எவரும் ஆட்சேபிக்க முடியாது. ஆனால் அரசியல் இசைவு என்பது பேசப்போகும் பொருளையும் சேர்த்தே எடைபோடுகிறது. எந்தத் தலைப்பில் பேசலாம், எந்தத் தலைப்பு தேசத்துக்குச் சங்கடம் தரும் என்பதை, அந்தத் துறையில் ஒரு நூலும் வாசித்திராத ஓர் உத்தியோகஸ்தர் கோப்பின் ஓரத்தில் எழுதித் தீர்மானிக்கிறார்.

இதன் உள்நோக்கம் அப்பட்டமாக வெளிப்பட்டது 2021 ஜனவரியில். தொற்றுநோயின் காரணமாக உலகமே வீட்டுக்குள் முடங்கி, மாநாடுகளெல்லாம் கணினித் திரையில் நடந்துகொண்டிருந்த அந்த வேளையில், கல்வி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: அரசு நிதி பெறும் நிறுவனங்கள் இணையவழியில் நடத்தும் சர்வதேசக் கூட்டங்களுக்கும் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும், தேசப் பாதுகாப்பு, எல்லைப்புறம், உள்நாட்டு விவகாரம் ஆகியவற்றைத் தொடும் பொருள்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இசைவும் வேண்டும். விமானமில்லை, விசா இல்லை, எல்லையைக் கடந்து ஒருவரும் கால்வைக்கவில்லை. குரல் மாத்திரம் வந்தது. அதற்கும் நுழைவுச் சீட்டு! விஞ்ஞானக் கழகங்கள் ஆட்சேபித்து அமைச்சருக்குக் கடிதம் எழுதின. மறு மாதமே சுற்றறிக்கை வாபஸ் பெறப்பட்டது.

நேரில் வருவோர்க்கு அப்படிப்பட்ட நிவாரணம் கிடைக்கவில்லை. 2018 ஜூலையில் டெல்லியில் ஆசியவியல் சங்கத்தின் மாநாடு நடந்தபோது, பாகிஸ்தானிய அறிஞர்களுக்கு விசா மறுக்கப்பட்டது. 2022 மார்ச்சில், கேரளத்து மக்களைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்துவந்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஃபிலிப்போ ஓசெல்லா, கரையோரச் சமூகங்களைப் பற்றிய கூட்டமொன்றுக்கு வந்து திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கிய மாத்திரத்தில், காரணம் கூறப்படாமல் வந்த வழியே அனுப்பப்பட்டார். 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசே தன் அரசியலமைப்பு மாநாட்டுக்கு அழைத்திருந்த லண்டன் பேராசிரியை நிதாஷா கௌல், பெங்களூர் விமான நிலையத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு மாநில அரசு தாம்பூலம் வைத்து அழைத்த விருந்தாளியை மத்திய அரசு வாசற்படியில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது நம் கூட்டாட்சிக்கு எவ்வளவு சிறப்பு என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்கிறோமா என்பது வேறு வினா. ஏற்காத கருத்தைக் கேட்டு மறுத்துப் பேசுவதற்குத்தானே மாநாடு கூட்டுகிறார்கள்?

எதிர்வாதம் இல்லாமலில்லை. தேசப் பாதுகாப்பு என்ற பெயரைச் சொன்னவுடன் வாய்மூடிவிட வேண்டும் என்று நாம் நினைக்கவில்லையாயினும், வேறொரு வாதத்துக்கு மதிப்புக் கொடுத்தே ஆகவேண்டும். பணம் கட்டிய எவருக்கும் அழைப்புக் கடிதம் அனுப்பிவைக்கும் போலி மாநாடுகள் இன்று மலிந்துவிட்டன. ஒரு நட்சத்திர ஹோட்டலின் கூடத்தை வாடகைக்கு எடுத்து, மருத்துவம் முதல் மொழியியல் வரை எல்லாத் துறைகளையும் ஒரே பதாகையில் எழுதித் தொங்கவிட்டு, உலகத்து ஆராய்ச்சியாளர்களையெல்லாம் 'மதிப்புக்குரிய சிறப்புப் பேச்சாளரே' என்று விளித்து மின்னஞ்சல் அனுப்பும் வியாபாரிகள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடிதத்தைக் காட்டி எல்லை கடந்து மறைந்துபோவோரும் இருக்கக்கூடும். எனவே தூதரக அதிகாரி ஓர் அழைப்புக் கடிதத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. அதற்குப் பரிகாரம், எந்த மாநாடு மெய்யானது என்று விஞ்ஞானக் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் அத்தாட்சி கொடுப்பது. அந்த அத்தாட்சி இருக்கும்போது அரசியல் இசைவு எதற்கு?

'அவர்கள் நமக்குச் செய்வதை நாம் அவர்களுக்குச் செய்கிறோம்' என்ற மற்றொரு வாதம் வாதமே அன்று. லாகூரிலிருந்து ஒரு சரித்திர ஆசிரியர் வராமற்போனால் நஷ்டம் பாகிஸ்தான் சர்க்காருக்கு அன்று. அவரைக் கேட்டுக் கேள்வி எழுப்பியிருக்கக்கூடிய டெல்லி மாணவனுக்கே.

வெளியே போகும் நம்மவர் படும் பாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராயும் ஒரு பெண்ணின் கட்டுரை ஜெர்மனியில் நடக்கும் மாநாட்டுக்கு ஏற்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏற்புக் கடிதம் வருவது பெரும்பாலும் மாநாட்டுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்புதான். அதன் பிறகு பதிவாளரிடம் தடையில்லாச் சான்று, போக வர விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கி முத்திரையிட்ட கணக்கு விவரம், அளவு பிசகாத புகைப்படம், இவ்வளவையும் உறையிலிட்டுக்கொண்டு விசா மையத்துக்குப் போய்க் கைரேகை வைக்கவேண்டும். கணக்கு விவரத்தில்தான் வினை. அவளுக்குரிய உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது மாதந்தோறும் வருவதில்லை. ஐந்தாறு மாதங்கள் ஒன்றும் வராமல், பிறகு மொத்தமாக வந்து விழும். பாஸ்புத்தகத்தைப் புரட்டும் அதிகாரிக்குத் தெரிவதெல்லாம், நெடுநாள் காலியாகக் கிடந்த கணக்கில் விண்ணப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெருந்தொகை ஏறியிருப்பதுதான். கைமாற்று வாங்கிப் போட்ட பணம் என்று அவர் முடிவுகட்டிவிடலாம். நம் சர்க்காரின் தாமதம் அயல்நாட்டு அதிகாரியின் மேசையில் அவளுடைய குற்றமாக உருமாறுகிறது. உதவித்தொகையை ஒழுங்காக மாதாமாதம் தருவதற்கு எந்த அயல்நாட்டின் அனுமதியும் தேவையில்லை என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறோம்.

ஷெங்கன் நாடுகளின் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விஞ்ஞான மாநாட்டுக்குச் செல்லும் ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று அவர்களுடைய சட்டத்திலேயே விதி இருப்பதை நம் ஆராய்ச்சியாளர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே. இடைநின்று விண்ணப்பம் வாங்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தால் காரணத்தைக் குறித்துக் கொடுக்கவேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி காட்டவேண்டும் என்பதும் ஐரோப்பியச் சட்டம். அமெரிக்காவிலோ, ஒவ்வொரு விண்ணப்பதாரியும் குடியேற வருபவர் என்றே முதலில் அனுமானித்து, அல்லர் என்று நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையில் ஏற்றுகிறது சட்டம். நிரூபிக்கக் கிடைப்பது ஜன்னலுக்கு முன்னால் சில நிமிஷங்கள். அந்த ஜன்னலை அடைவதற்கே 2022 இறுதியில் இந்திய நகரங்களில் 500 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மாநாடு முடிந்து அடுத்த ஆண்டின் மாநாடும் முடிந்துவிடும்.

சர்க்கார்கள் தாமாகத் திருந்துவதில்லை. அறிஞர்கள் ஒன்றுபட்டு நின்றால் திருந்துகின்றன. 1950இல் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் சர்வதேசக் கணித மாநாடு கூடியபோது, எண்பத்துநான்கு வயது நிரம்பிய பிரெஞ்சுக் கணித மேதை ஜாக் ஹடமார்டுக்கு, அவருடைய இடதுசாரிச் சார்பை உத்தேசித்து, விசா தரத் தயங்கினார்கள். அவ்வாண்டு ஃபீல்ட்ஸ் பதக்கம் பெறவிருந்த லோரான் ஷ்வார்ட்ஸுக்கும் அதே கதி. ஹடமார்டு வராவிட்டால் பிரெஞ்சுக் குழுவில் ஒருவரும் வரமாட்டோம் என்று சகாக்கள் உறுதியாக நின்றார்கள். விவகாரம் அதிபர் ட்ரூமன் வரை சென்றது. இருவரும் வந்தார்கள், ஷ்வார்ட்ஸ் பதக்கத்தை நேரில் பெற்றுக்கொண்டார்.

இதைவிடப் பெரிய உதாரணம் எய்ட்ஸ் மாநாடுகளின் சரித்திரம். எச்.ஐ.வி. கிருமி உடையவர்கள் தன் மண்ணில் கால்வைக்கலாகாது என்று 1987இல் அமெரிக்கா தடை விதித்தது. யாருடைய நோயைப் பற்றிப் பேச மாநாடு கூட்டப்படுகிறதோ, அவர்களே உள்ளே வரமுடியாத அந்த அலங்கோலத்தை எதிர்த்து 1990இல் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ மாநாட்டைப் பல ஸ்தாபனங்கள் பகிஷ்கரித்தன. 1992இல் பாஸ்டனில் நடக்கவேண்டிய மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர் தடை நீங்கும்வரை அமெரிக்க மண்ணில் அந்த மாநாட்டைக் கூட்டுவதே இல்லை என்றிருந்துவிட்டார்கள். 2010 ஜனவரியில் தடை நீங்கியது. 2012இல் மாநாடு வாஷிங்டனுக்குத் திரும்பியது. அண்மையில் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர்களும் இந்த வழியைக் கையாண்டார்கள்: மான்ட்ரியாலில் 2018இல் நடந்த மாநாட்டுக்கு ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர் பலருக்குக் கனடா விசா மறுத்த பின்னர், மற்றொரு முக்கிய மாநாடு 2020இல் அடிஸ் அபாபாவில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது, தொற்றுநோயால் அது தடைப்படவே, 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் அது கூடியது.

டெல்லியில் 2018இல் நடந்தது இதற்கு நேர்மாறு. பாகிஸ்தானியர் வரலாகாது என்று வெளியுறவு அமைச்சகம் பிப்ரவரியிலேயே கடிதம் எழுதிவிட்டது. ஜூலையில் மாநாடு நடந்தேறியது. உறுப்பினர் பலர் கண்டித்தார்கள், சிலர் பகிஷ்கரித்தார்கள். அழைத்த சங்கமோ வருத்தம் தெரிவித்துவிட்டு இடம் மாறாமல் இருந்தது. இந்த வருத்தத்தினால் ஒரு கோப்பும் நகராது.

நமது கோரிக்கை நீண்டதன்று. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமோ விஞ்ஞானக் கழகமோ நடத்தும் மாநாட்டுக்கு அரசியல் இசைவு, நிகழ்ச்சி இசைவு இரண்டும் ரத்தாக வேண்டும். விண்ணப்பித்தவரை மறுப்பதானால், குறித்த கெடுவுக்குள், அவரைப் பற்றிய காரணத்தை எழுத்தில் கொடுத்து மறுக்கவேண்டும். அந்த மறுப்பை மறுபரிசீலனை செய்ய டெல்லியில் ஓர் அதிகாரி இருக்கவேண்டும். செல்லுபடியாகும் விசாவோடு இறங்கியவரை விமான நிலையத்தில் திருப்புவதானால், அந்த உத்தரவில் கையொப்பமிட்டவர் பெயர் இருக்கவேண்டும்.

இதற்கெல்லாம் சர்க்கார் இசையும்வரை கைகட்டிக்கொண்டிருக்க அவசியமில்லை. அடுத்த சர்வதேச மாநாட்டை எங்கள் ஊரில் நடத்துங்கள் என்று மனுச் செய்யும் ஒவ்வொரு இந்தியப் பல்கலைக்கழகமும், எல்லா நாட்டு உறுப்பினர்களுக்கும் விசா தரப்படும் என்ற உறுதியை உள்துறை அமைச்சகத்திடம் எழுத்து மூலம் வாங்கி மனுவோடு இணைக்கட்டும். கிடைக்கவில்லையானால், அதைச் சொல்லி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மாநாட்டைக் கொழும்பிலோ காட்மாண்டுவிலோ நடத்திக்கொள்ளும்படி சர்வதேசச் சங்கத்துக்கு எழுதிவிடட்டும்.