அடைக்கலம் வந்த பிள்ளை எதிரியா?

ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி, 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பர் வரை சுமார் 10,000 குழந்தைகள் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் யூதர்கள். பெற்றோர் உடன் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அவர்களை வளர்த்தார்கள்.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. தபால் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் 25 வார்த்தைச் செய்திதான் வரும். பிறகு பலருக்கு அதுவும் வரவில்லை.

1940-ல் மற்றோர் இடி! 16 வயது நிரம்பிய சுமார் 1,000 பேரை, “எதிரி நாட்டார்” என்று சர்க்கார் காவலில் வைத்தது. ஹிட்லரிடமிருந்து ஓடி வந்தவர்கள் மீதே, ஹிட்லரின் ஆட்களோ என்று சந்தேகம்!

பின்னர் விடுதலையானவர்களில் பலர், அதே பிரிட்டனின் ராணுவத்தில் சேர்ந்து ஹிட்லரை எதிர்த்தார்கள்.

குழந்தை எந்த நாட்டில் பிறந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. ஏன் ஓடி வந்தது என்றும் பார்க்க வேண்டும். யுத்த காலத்தில் அடைக்கலம் தரும் எந்த நாட்டுக்கும் இது பாடம்.