ஆயிலுக்குக் கத்திரி வெயிலும் குளிர்தான்

பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை, ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் உள்ள பட்டறைகளில் தினமும் ஒரே பேச்சுதான். "அண்ணே, எந்த ஆயில் ஊத்துறீங்க?" என்பார் வண்டிக்காரர். "நம்ம ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் கட்டியா இருந்தாத்தான் சார் இன்ஜின் தாங்கும்" என்று பதில் வரும். பழைய இன்ஜின்கள் இந்தப் பதிலைப் பொறுத்துக்கொண்டன. இன்று நம் லிஃப்டில் ஏறும் வண்டிகள் பொறுத்துக்கொள்வதில்லை. இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

முதலில் வெயில் கணக்கைப் பார்ப்போம். எஸ்ஏஇ கிரேடில் இரண்டாவதாக வரும் எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அந்தச் சூட்டில் 30 கிரேடு ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 50 கிரேடு 16.3 முதல் 21.9க்குள். சூடேறி ஓடும் இன்ஜினில் ஆயில் ஏறத்தாழ அந்த 100 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்கிறது. வெளியே 25 டிகிரியா 42 டிகிரியா என்பதைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் பெருமளவு சமாளித்துவிடுகின்றன.

அடுத்து, நின்று ஆறிய வண்டி. மே மாத நண்பகலில், 40 டிகிரியில், 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 160 சென்டிஸ்டோக்ஸ் கெட்டியாக இருக்கும். அதே சூட்டில் 5டபிள்யூ-30 ஏறத்தாழ 60தான். 0டபிள்யூ-20 என்றால் இன்னும் குறைவு, 45ஐ ஒட்டி. அதாவது நமக்குத் தலை சுற்றும் கத்திரி வெயிலிலும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் ஆயில், தான் வேலை செய்ய வேண்டிய பதத்தைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. "இங்கே பனியா பெய்யுது, 5டபிள்யூ எதுக்கு?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். அந்த எண்ணுக்கான சோதனை மைனஸ் 30 டிகிரியில் நடப்பது உண்மை. ஆனால் கூடுவாஞ்சேரியில் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கும் அதன் பலன் கிடைக்கிறது.

கெட்டி ஆயில் அந்த முதல் நொடிகளில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலில் ஒரு பகுதி மேலே போகாமலே திரும்பிவிடும். ஃபில்டரின் பைபாஸ் திறந்தால், வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். வேரியபிள் வால்வ் டைமிங் சாலினாய்டின் மெல்லிய துளைகளும், செயின் டென்ஷனரும், ஹைட்ராலிக் லேஷ் அட்ஜஸ்டரும் ஆயில் அழுத்தத்தை நம்பியே வேலை செய்பவை. காலையில் இரண்டு நொடி செயின் சத்தம் கேட்கிறது என்று வரும் வண்டியில் செயினைக் குறை சொல்வதற்கு முன், போன தடவை ஊற்றிய கேனைப் பார்ப்பது நல்லது.

கிரேடோடு கதை முடிந்துவிடுவதில்லை. இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே உருவான ஈகோஸ்போர்ட் வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. பல இப்போது வெளிப் பட்டறைகளுக்குத்தான் வருகின்றன. அவற்றில் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜினை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இந்தியாவுக்கு 2013இல் வந்த அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே சுற்றுகிறது. ஆயில் பம்பை ஓட்டுவதும் ஒரு ரப்பர் பெல்ட்தான். அதற்கு ஃபோர்டு கேட்பது 5டபிள்யூ-20, அதுவும் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரக்குறியீட்டோடு. பெல்ட்டின் ரப்பரோடு ஒத்துப்போகும் சேர்மானம் அதில் இருக்கிறது. பொருந்தாத ஆயிலில், அல்லது பெட்ரோல் கலந்து பழசாகிப்போன ஆயிலில், பெல்ட் ஊறி உதிரும். சம்ப்பைக் கழற்றினால் ஸ்ட்ரெய்னர் வலையில் கறுப்பு ரப்பர்த் துகள் அப்பியிருக்கும். ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கும். ரெய்ஸ் செய்தால் அணையும். "சென்சார்தான் போச்சு" என்று அனுப்பிவிட்டால் அடுத்தது இன்ஜின் போகும்.

அந்த ஆயில் பம்ப் பெல்ட்டை நம்பி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. சென்னையில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன ஈகோஸ்போர்ட்களையும் சில ஃபோகஸ் கார்களையும் சேர்த்து, சுமார் 1,40,000 வண்டிகளை ஃபோர்டு 2023 டிசம்பரில் திரும்ப அழைத்தது. காரணம், ஆயில் பம்ப் பெல்ட்டும் அதன் டென்ஷனரும். அங்கே பழி ஆயில் மீது விழவில்லை, பாகங்களில்தான் குறை. ஆனால் அந்தப் பெல்ட் கெட்டால் அழுத்தமே இல்லாமல் போகும் என்பது அதில் தெளிவாயிற்று. அப்படிப்பட்ட இன்ஜினில் கிடைத்த ஆயிலை ஊற்றுவதும், ஃப்ளஷ் கெமிக்கல் ஊற்றிக் கழுவுவதும் நாமே தேடிக்கொள்ளும் வினை.

டீசலில் வேறு சிக்கல். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தபின், டீசல் கார்களில் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. கரியை எரித்துவிடலாம், ஆயிலின் சேர்மானம் எரிந்து மிஞ்சும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கும். ஏசிஇஏ சி3 வகை ஆயிலில் சல்ஃபேட்டட் ஆஷ் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லாரிக்கென்று வாங்கிவைத்த பழைய சிஐ-4 ஆயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பீப்பாயில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றினால், மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் பின்னால் டிபிஎஃப் செலவாக வந்து நிற்கும். சி3 கேட்கும் வண்டிக்கு சி5 ஊற்றுவதும் தவறு. சாம்பல் வரம்பு இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் சி5இல் சூட்டில் தாங்கும் படலம் மெல்லியது. டர்போ பெட்ரோல் வண்டிகளுக்கு ஏபிஐ எஸ்பி தரத்தைப் பார்த்து வாங்குங்கள். குறைந்த வேகத்தில் முன்கூட்டியே தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுக்க, 2020இல் வந்த தரம் அது.

கெட்டி ஆயிலுக்கு இனி இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் என்று வடிவமைத்த பழைய இன்ஜின்களில் மெல்லிய ஆயில்தான் தவறு. சில கையேடுகள் இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதிக்கின்றன. நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு அவற்றில் கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆயில் குடிக்கும் வண்டிக்குக் கெட்டி ஆயில் வைத்தியம் ஆகாது. பிசிவி வால்வு, வால்வ் சீல், ரிங் மூன்றையும் பார்க்காமல் கிரேடை ஏற்றினால், நோயை மறைத்து அனுப்புகிறோம்.

மாற்றும் காலத்திலும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கிளாம்பாக்கம் நெரிசலில் ஏசி போட்டு நிற்கும் காருக்கு ஓடோமீட்டர் நகராது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து பள்ளி என்று ஓடும் டீசல் காரில் டிபிஎஃப் ரீஜெனரேஷன் பாதியில் நிற்கும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சில வண்டிகளில் சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், "ஆயில் குறையவே இல்ல, நல்ல இன்ஜின்" என்று பாராட்டாதீர்கள், அன்றே வடித்துவிடுங்கள். பெரும்பாலான கையேடுகளில் கடினப் பயன்பாட்டுக்கென்று குறைந்த இடைவெளி தனியாகப் போட்டிருக்கும். நம் பகுதி வண்டிகள் பலவற்றுக்கு அந்தக் கணக்குதான் பொருந்தும்.

சரியான எழுத்து ஒட்டிய கேனில் தவறான சரக்கு இருந்தால் இவ்வளவும் வீண். பில்லோடு வாங்குங்கள். ஊற்றி முடித்த கேனை வண்டிக்காரர் கண்ணெதிரே ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டையிடுங்கள். முழுசாகப் போகும் காலிக் கேன்தான் போலி ஆயில்காரரின் மூலதனம்.

இந்த இதழின் வேண்டுகோள் இதுதான். ஜாப் கார்டிலும் பில்லிலும் "ஆயில் சர்வீஸ்" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். எஸ்ஏஇ கிரேடு, ஏபிஐ அல்லது ஏசிஇஏ தரம், கம்பெனி குறியீடு, ஊற்றிய லிட்டர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். எழுத வேண்டுமென்றால் கையேட்டைத் திறந்தாக வேண்டும். அதைப் பார்க்கும் பழக்கம் பட்டறைப் பையன்களுக்கும் தானாக வரும். நாளை இன்ஜின் மேல் ஒரு வழக்கு வந்தால், உங்கள் பக்கம் பேசுவதும் அந்த நான்கு வரிகள்தான். "எந்த கம்பெனி ஆயில்?" என்று கேட்கும் வண்டிக்காரரிடம் இனி கையேட்டின் பக்கத்தைக் காட்டுங்கள்.