ஓடைகள் சொல்லும் எச்சரிக்கை

அந்தமானின் சாத்தம் துறையில் கப்பல்கள் இறக்குவது சரக்கை மட்டுமல்ல. நாற்றோடும் மண்ணோடும் பயிர் நோயும் கரையேறக்கூடும்.

தென்னையில் குருத்தழுகலையும் பாக்கில் காயழுகலையும் உண்டாக்கும் பைட்டோப்தோரா இனக் கிருமிகளின் வித்துகள் நீரில் நீந்திப் பரவுபவை. இவ்வினத்தின் ஒரு வகை, 1990-களின் நடுவிலிருந்து கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கான மரங்களை அழித்தது. அங்கு இலைகளை வலைப்பையிலிட்டு ஓடைகளில் மிதக்கவிட்டு, பின்னர் ஆய்வகத்தில் சோதிக்கின்றனர். மரம் வாடுவதற்கு முன்பே ஓடை எச்சரித்துவிடுகிறது.

இங்கோ, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை வெளிநாட்டு இறக்குமதிக்கானது. சென்னை, கொல்கத்தாவிலிருந்து வரும் நாற்றுகளுக்குப் பொருந்தாது. உள்நாட்டுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த 1914-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதைப் பயன்படுத்தும் முனைப்புதான் தேவை.

ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையை இத்தீவுகளிலிருந்து இன்றளவும் ஒழிக்க இயலவில்லை. வந்தபின் வருந்திப் பயனில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம் இது; எனவே பொறுப்பு தில்லியையே சாரும். சாத்தத்தில் நாற்றுச் சோதனையைக் கட்டாயமாக்குவதுடன், மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாயிலாக ஓடைக் கண்காணிப்பையும் மத்திய அரசு உடனே தொடங்க வேண்டும். தென்னையையும் பாக்கையும் நம்பி வாழும் தீவு மக்களுக்கு அதுவே உண்மையான காப்பு.