கம்பியும் கல்வியும்

இராஜாக்கமங்கலம் துறையினின்று கல்லூரிக்கு வரும் மாணவரிற் சிலர், தமக்கு வலை பின்னத் தெரியும் என்பதைத் தோழரிடஞ் சொல்லக் கூசுகின்றனர். கைவேலை கல்லாதார்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடை அவ்வளவு வேரூன்றியுள்ளது.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரை (1898–1976) இவர்கள் அறிதல் வேண்டும். தந்தையும் பாட்டனும் சிற்பிகளாயிருந்தும், அவர் 1919-இல் பெற்றது இயந்திரப் பொறியியற் பட்டம். 1926-இல் பாரிஸ் சென்றவர், கம்பி, தக்கை, துணி கொண்டு ஒரு சிறு சர்க்கஸையே சமைத்துத் தாமே ஆட்டிக் காட்டினார். விளையாட்டுப் பொம்மை என்று இகழ்வாரும் உளர். அவர் கம்பியால் வளைத்த முகங்களை அன்னார் கண்டிலர் போலும். அவற்றில் வெற்றிடமே கன்னமாகவும் நெற்றியாகவும் தோன்றும். பின்னாளில் அவர் இயற்றிய, காற்றில் அசையும் தொங்கு சிற்பங்களிலோ, கம்பியின் ஒரு நுனியிற் பெருந்தகடும் மறுநுனியிற் பல சிறுதகடுகளும் துலாக்கோல் போல் ஒத்து நிற்கும். அங்கே கலையினின்று பொறியியலை எங்ஙனம் பிரிப்பது?

1955-இல் கீரா சாராபாயின் அழைப்பிற்கிணங்கி அகமதாபாதுக்கு வந்து, அங்கேயே சிற்பங்கள் செய்தார்.

அடுத்த கல்லூரிக் கண்காட்சியில் துறை மாணவர் வலை பின்னிக் காட்டட்டும். கண்ணிகளின் கணக்கைக் கணித ஆசிரியர் விளக்கட்டும்.