ஈதல் என்னும் சொல்லும் நம் கூலியும்

'ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒரு பொருளனவே. எதனை எங்கு வழங்கினும் இழுக்கில்லை' என்பார் நம்மிடையே உளர். அக்கூற்றை நாம் மறுக்கின்றோம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் இம்மூன்றற்கும் வேறுபாடு வகுத்தார். தன்னினும் உயர்ந்தானிடம் இரப்போன் 'ஈ' என்பான். ஒத்தானிடம் கேட்போன் 'தா' என்பான். தாழ்ந்தானிடம் கேட்போன் 'கொடு' என்பான். கேட்பவன் நிற்கும் இடத்தையே சொல் காட்டிவிடுகிறது. 'ஈ' என இரத்தல் இழிவு, ஈயேன் என மறுத்தல் அதனினும் இழிவு என்று புறநானூற்றில் (204) கழைதின் யானையார் பாடினார்.

'இவை கேட்போன் சொற்கள், கொடுப்போனைக் கட்டுப்படுத்துமோ?' எனலாம். கொடுப்போனுக்கு வள்ளுவர் வரம்பு கட்டினார். வறியார்க்கு வழங்குவதே ஈகை. ஏனையவெல்லாம் மாற்றுப் பயனை எதிர்நோக்குவன என்பது ஈகை அதிகாரத்தின் முதற் குறட் கருத்து.

இவ்வரம்பைத் தங்கவயலில் பொருத்திப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர், 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் காலந்தொட்டு இங்கு உழைத்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டது. பாறைத்தூசி பலர் நுரையீரலை அரித்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்வரலாற்றைக் 'கம்பெனி நமக்கு வாழ்வு ஈந்தது' என்று மேடையில் முழங்குகிறோம், மலர்களிலும் அச்சிடுகிறோம். பேச்சில் வழக்கொழிந்த ஒரு சொல்லை மிடுக்குக்காக அழைத்து வந்து, நம் முன்னோரை இரவலராக்குகிறோம்!

கூலி, உழைப்பை அளந்து கொடுத்தபின் பெற்றது. அது எங்ஙனம் ஈகையாகும்? ஓய்வுபெறுவோர்க்குரிய தொகையையும் 'பணிக்கொடை' என்கிறோம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கடமையாக்கிய பின்னும் பெயரில் வள்ளன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் மாறாது போகலாம்; அதனைப் பெறுவோர் கைகட்டி நிற்கும் மனநிலையேனும் மாறவேண்டும்.

'அண்டை வீட்டாரைப் பாருங்கள். தெலுங்கர்க்கு ஈதலின் இனமான "இச்சு" போதும். கன்னடர்க்குக் "கொடு" போதும்' என்பர் சிலர். உண்மையே. கன்னடத்தில் 'தரு' கொண்டுவருதலைக் குறிக்கும். ஆனால் அவர்தம் சொல் எவரையும் தாழ்த்துவதில்லை. எல்லார்க்கும் பொதுவாய் நிற்கிறது. நம் 'ஈ'யோ இலக்கணத்தாலும் இலக்கியத்தாலும் தாழ்ந்து நிற்போனின் குரலைச் சுமந்து வருவது. அச்சுமையை அறியாது எடுத்தாள்வது மொழிப்பற்று ஆகாது.

பசித்து வந்தவனுக்கு இலையிட்டால் 'ஈந்தோம்' என்க. ஏழை மாணவனுக்குப் புத்தகம் வாங்கினாலும் அங்ஙனமே. உழைத்தவன் கூலிக்கு, ஒத்தார் ஒத்தாரிடம் சொல்லும் 'தா' ஒன்றே தகும். இனி வரும் மலர்களில் நம் பிள்ளைகள் படிக்கட்டும்: நம் முன்னோர் பொன்னைத் தந்தனர்; கூலியைப் பெற்றனர்; எவரிடமும் இரந்தாரில்லை.